களஞ்சியத்தில் ஒரு மழைக்கலம்: காலநிலை மாற்றத்தின் சான்றுகளும் காரணங்களும்

தலைநகர் டெல்லியின் தூதரகப் பகுதிக்குச் சாணக்யபுரி என்று பெயர். அதன் சாலைகளுள் ஒன்று கௌடில்ய மார்க். தமிழகத்திலிருந்து அரசுப் பணியாகவும் மருத்துவத்திற்காகவும் தேர்வுகளுக்காகவும் வருவோர் நன்கறிந்த தமிழ்நாடு இல்லம் இச்சாலையில்தான் உள்ளது. பெயருக்குரிய சாணக்கியர் என்னும் கௌடில்யரை அரசியல் சூழ்ச்சி வல்லவராகவே பெரும்பாலோர் நினைவில் வைத்திருக்கிறோம். வங்கித் துறையினராகிய நமக்கு அவருடைய அர்த்தசாஸ்திரத்தில் வேறொரு செய்தி சுவையானது. கருவூலத்தையும் களஞ்சியத்தையும் காக்கும் பொறுப்புடைய அதிகாரிக்கு வகுத்த கடமைகளுக்கிடையே, களஞ்சியத்தில் ஒரு முழ அகல வாயுடைய கலம் ஒன்றை மழையளக்க வைக்க வேண்டும் என்று அந்நூல் கூறுகிறது. பயிர்த்தொழில் பற்றிய பகுதியில் எந்தெந்த நாட்டில் எவ்வளவு மழை பெய்யும் என்ற அளவும், அதற்கேற்ப எதை எப்போது விதைப்பது என்ற குறிப்பும் உள்ளன.

பொக்கிஷக் கணக்கு எழுதுபவர் ஏன் மழைக்கணக்கும் எழுத வேண்டும்? மழை பொய்த்தால் விளைச்சல் குறையும், விளைச்சல் குறைந்தால் வரி வராது, வரி வராவிடில் கருவூலம் வறளும். இன்று பயிர்க்கடன் வழங்கும் கிளை மேலாளரும் பருவமழை முன்னறிவிப்பை நாளிதழில் தேடிப் படிப்பது இதே காரணத்தால்தான். ஆகவே, காலநிலை மாற்றம் குறித்து வங்கியின் இதழில் எழுதுவதற்கு நாம் தனியாக விளக்கம் கூற வேண்டியதில்லை என்று கருதுகிறோம்.

சென்ற சில கோடைகளாகக் கிளைக்கு வரும் மூத்த தமிழ் வாடிக்கையாளர்களிடையே ஒரு விவாதம் நடப்பதைக் கேட்டு வருகிறோம். மத்திய அரசுப் பணிக்கென ஐம்பது, அறுபது ஆண்டுகளுக்கு முன் டெல்லிக்கு வந்து குடியேறியவர்கள் அவர்கள். "டெல்லி வெயில் என்ன புதிதா? அன்றும் லூ காற்று அடித்தது, அன்றும் மே மாதத்தில் தார் உருகியது" என்பார் ஒருவர். "அன்று இரவில் மொட்டை மாடியில் கயிற்றுக் கட்டிலைப் போட்டுத் தண்ணீர் தெளித்துவிட்டால் விடியும்வரை உறங்கினோமே, இன்று முடிகிறதா?" என்பார் மற்றவர். இருவருமே தம் நினைவிலிருந்து பேசுகிறார்கள். இருவர் கூற்றிலும் உண்மை உண்டு. எனினும், வாய்மொழியை நம்பி வங்கி கடன் வழங்குவதில்லை, ஆவணம் கேட்கிறது. பூமி வெப்பமடைகிறது என்பதற்கு ஆவணம் என்ன, அதற்கு மனிதன்தான் காரணம் என்பதற்குச் சான்று என்ன என்ற இரு வினாக்களையும் தனித்தனியே எடுத்துக்கொள்வோம். இவற்றை ஒன்றாகக் குழப்புவதால்தான் பல விவாதங்கள் முடிவின்றி நீள்கின்றன.

ஒரு நாள் பதிவும் நூறாண்டுக் கணக்கும்

2024 மே 29 அன்று வடமேற்கு டெல்லியின் முங்கேஷ்பூரில் உள்ள தானியங்கி வானிலை நிலையம் 52.9 பாகை செல்சியஸ் என்று காட்டியது. அச்செய்தி உலகெங்கும் பரவியது. இந்திய வானிலை ஆய்வுத் துறை வல்லுநர்களை அனுப்பிச் சோதித்ததில், அந்நிலையத்தின் உணரி சுமார் 3 பாகை கூடுதலாகக் காட்டுவது தெரியவந்தது. துறையே அதனை வெளியிட்டது. "பார்த்தீர்களா, எல்லாம் பொய்க்கணக்கு" என்று சிலர் மகிழ்ந்தனர். ஆனால் அதே நாளில், சாணக்யபுரிக்கு அருகிலுள்ள சப்தர்ஜங் நிலையத்தில் 46.8 பாகை பதிவாயிற்று. நகரின் அடிப்படை நிலையமாகக் கொள்ளப்படும் அங்கு 79 ஆண்டுகளில் அவ்வளவு வெப்பம் பதிவானதில்லை. அடுத்த மாதம் 19ஆம் தேதியன்று அங்கு குறைந்தபட்ச வெப்பநிலையே 35.2 பாகையாக இருந்தது. மொட்டை மாடி உறக்கத்தைப் பற்றிப் பேசிய பெரியவருக்கு இந்த எண்ணே பதிலாகும்.

முங்கேஷ்பூர் நிகழ்ச்சியில் நமக்கு ஒரு பாடம் உண்டு. ஒரு நாளின் ஒரு பதிவு, அது சரியானதாகவே இருந்தாலும், காலநிலை மாற்றத்திற்குச் சான்றாகாது. ஒரு வாடிக்கையாளரின் கணக்கில் ஒரு நாள் பெருந்தொகை வரவானதைக் கண்டு அவர் செல்வர் ஆகிவிட்டார் என்று நாம் முடிவு செய்வதில்லை. பல ஆண்டுப் பேரேட்டைப் புரட்டுகிறோம். நாளுக்கு நாள் மாறுவது வானிலை. குறைந்தது முப்பது ஆண்டுப் பதிவுகளின் சராசரியாகக் கணிக்கப்படுவது காலநிலை. அந்தச் சராசரி ஒரே திசையில் தொடர்ந்து நகருமானால் மட்டுமே மாற்றம் என்று சொல்லலாம்.

அத்தகைய நீண்ட பேரேடு நம் நாட்டில் உண்டு என்பது பெருமைக்குரியது. 1792இல் கிழக்கிந்தியக் கம்பெனி சென்னை நுங்கம்பாக்கத்தில் வானாய்வகம் நிறுவியது. 1875இல் இந்திய வானிலை ஆய்வுத் துறை அமைந்தது. 2025 தொடக்கத்தில் அது 150 ஆண்டுகளை நிறைவு செய்தது. இந்தப் பதிவுகளைக் கொண்டு மத்திய புவி அறிவியல் அமைச்சகம் 2020இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, 1901 முதல் 2018 வரை இந்தியாவின் சராசரி வெப்பநிலை சுமார் 0.7 பாகை உயர்ந்துள்ளது. 1951 முதல் 2015 வரை கோடைப் பருவமழை சுமார் 6 விழுக்காடு குறைந்திருக்கிறது. அதே காலத்தில் வெப்ப மண்டல இந்தியப் பெருங்கடலின் மேற்பரப்பு சுமார் 1 பாகை வெப்பமடைந்தது. வட இந்தியப் பெருங்கடலின் மட்டம் 1993க்குப் பின்னர் ஆண்டுக்குச் சுமார் 3.3 மில்லிமீட்டர் வீதம் உயர்ந்து வந்துள்ளது. பின்னர் வந்த 2024, 1901 முதலான பதிவுகளிலேயே இந்தியாவின் மிக வெப்பமான ஆண்டாயிற்று. உலக அளவிலும் அதுவே மிக வெப்பமான ஆண்டு: 1850 முதல் 1900 வரையிலான சராசரியைவிடச் சுமார் 1.55 பாகை அதிகம் என உலக வானிலை அமைப்பு அறிவித்தது.

இங்கு நியாயமான ஓர் ஐயம் எழும். டெல்லி போன்ற நகரங்களில் கான்கிரீட்டும் தாரும் வாகனங்களும் பெருகியதால் வெப்பமானி ஏறியிருக்கலாமே? உண்மைதான், நகர வெப்பத் தீவு என்பது இருக்கிறது. மரங்கள் அடர்ந்த சாணக்யபுரியிலிருந்து நெருக்கமான குடியிருப்புப் பகுதி ஒன்றுக்கு மே மாத மாலையில் செல்பவர் அதனை உடலாலேயே உணரலாம். ஆனால் கடலில் கான்கிரீட் இல்லை. பூமியில் கூடுதலாகத் தங்கும் வெப்பத்தில் 90 விழுக்காட்டுக்கும் மேற்பட்ட பகுதியைக் கடல்களே உட்கொள்கின்றன. அவ்வெப்பம் ஆழ்கடல் வரை இறங்கியிருப்பது அளக்கப்பட்டுள்ளது. கங்கோத்திரியிலும் கான்கிரீட் இல்லை. அங்கு 1935 முதல் அளக்கப்பட்டு வரும் பனியாற்றின் முகப்பு இதுவரை ஒரு கிலோமீட்டருக்கும் மேலாகப் பின்வாங்கிவிட்டது. ஒன்றோடொன்று தொடர்பற்ற பல சாட்சிகள் ஒரே செய்தியைச் சொல்லும்போது, எல்லாரும் சேர்ந்து பொய் சொல்கிறார்கள் என்று கூறுவது கடினம்.

அதே வேளையில், நேர்ந்த ஒவ்வொரு கேட்டையும் காலநிலை மாற்றத்தின் கணக்கில் பற்று எழுதுவதும் தவறு. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளுள் பூவரசன்பட்டி, விலாங்குசல்லி ஆகிய இரண்டும் கடலுள் மூழ்கின. கடல் மட்டம் உயர்ந்ததால் மூழ்கிய தீவுகள் என்று இவற்றை எழுதுவோர் உளர். அங்கு பல்லாண்டுகள் நடந்த பவளப்பாறை வெட்டுதலே அதற்குப் பெருங்காரணம். 2010இலும் 2016இலும் அதே வளைகுடாவில் எஞ்சிய பவளங்கள் வெளுத்ததற்குக் கடல்நீர் வெப்பமே காரணம். ஒரே இடத்தில் இரண்டு நோய்கள். இரண்டுக்கும் காரணங்கள் வெவ்வேறு. இந்த வேறுபாட்டைக் காணாமல் எழுதுவதனால் உண்மையான சான்றுகளின் மதிப்பும் குறைகிறது.

நிலக்கரியின் கதை

இரண்டாவது வினாவுக்கு வருவோம். காரணம் என்ன? இதற்கும் சாணக்யபுரியிலேயே ஒரு நல்ல பாடசாலை உள்ளது. 1977இல் திறக்கப்பட்ட தேசிய ரயில் அருங்காட்சியகத்தையே சொல்கிறோம். குழந்தைகளை அழைத்துச் சென்று நீராவி எஞ்சின்களின் முன் படமெடுத்துத் திரும்புவது வழக்கம். 1855இல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் கட்டப்பட்ட 'ஃபேரி குயின்' என்னும் எஞ்சின் பல்லாண்டுகள் இங்குதான் காட்சிக்கு இருந்தது. அதற்கு முன்பே, 1774இல், வங்காளத்தின் ராணிகஞ்சில் நிலக்கரி வெட்டத் தொடங்கியிருந்தனர். கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்து புதையுண்ட தாவரங்களின் கரிதான் நிலக்கரி. அத்தாவரங்கள் காற்றிலிருந்து எடுத்துச் சேமித்த கரியை எஞ்சினின் உலை சில மணி நேரத்தில் காற்றுக்கே திருப்பித் தந்தது. மிக நீண்ட கால வைப்பு நிதியை முதிர்வுக்கு முன்பே உடைத்து நாம் செலவழிக்கிறோம் என்று கணக்கர் மொழியில் கூறலாம்.

'ஃபேரி குயின்' கட்டப்பட்ட மறு ஆண்டே, 1856இல், அமெரிக்காவைச் சேர்ந்த யூனிஸ் ஃபுட் என்ற பெண்மணி கண்ணாடிக் குழாய்களில் வெவ்வேறு வாயுக்களை அடைத்து வெயிலில் வைத்துச் சோதித்தார். கரியமில வாயு நிரம்பிய குழாய் மற்றவற்றைவிட மிகுதியாகச் சூடேறியது. அச்சூடு தணியவும் நெடுநேரம் ஆயிற்று. அந்த வாயு மிகுந்த வளிமண்டலம் பூமியை வெப்பமாக்கும் என்று அவர் எழுதினார். 1859இல் ஜான் டிண்டால் தனியே நுட்பமான கருவி அமைத்து, நீராவியும் கரியமில வாயுவும் வெப்பக் கதிர்களை உறிஞ்சுவதை அளந்தார். 1896இல் சுவீடன் நாட்டு அறிவியலாளர் அரீனியஸ், காற்றில் இவ்வாயு இரட்டித்தால் பூமி எவ்வளவு சூடேறும் என்று கையால் கணக்கிட்டார். ஆகவே, பசுங்குடில் விளைவு என்பது அண்மைக்காலக் கட்சி அரசியலில் பிறந்த கருத்தன்று. நம் நாட்டு ரயில்வேயின் வயதுதான் அதற்கும்.

அது இயங்கும் விதம் எளிது. சூரிய ஒளி பெரும்பாலும் தடையின்றிக் காற்றைக் கடந்து நிலத்தைச் சூடாக்குகிறது. சூடான நிலம் அவ்வெப்பத்தை அகச்சிவப்புக் கதிராக வெளியிடுகிறது. காற்றின் பெரும்பகுதியான நைட்ரஜனும் ஆக்சிஜனும் அக்கதிரைத் தடுப்பதில்லை. கரியமில வாயு, மீத்தேன், நைட்ரஸ் ஆக்சைடு, நீராவி ஆகியன தடுத்து ஒரு பகுதியைத் திருப்பி அனுப்புகின்றன. இவை அறவே இல்லையென்றால் பூமியின் சராசரி வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே 18 பாகையாக இருக்கும். இருப்பதால்தான் 15 பாகை அளவில் வாழ முடிகிறது. எனவே இவ்வாயுக்கள் தம்மளவில் தீயவை அல்ல. அளவு மீறுவதே சிக்கல்.

அளவு மீறியதா என்பதை முதலில் கணக்கெடுத்துச் சொன்னவர் கை காலண்டர். நீராவிப் பொறியியலே அவர் தொழில் என்பது நம் அருங்காட்சியகக் கதைக்குப் பொருத்தம். 1938இல் அவர் உலகின் 147 வானிலை நிலையங்களின் பதிவுகளைத் திரட்டி, பூமி வெப்பமடைந்து வருவதாகவும் எரிபொருள் புகையே காரணமாகலாம் என்றும் காட்டினார். வானிலை வல்லுநர்கள் அவரை ஒரு தொழில்முறைசாரா ஆர்வலராகவே பார்த்தனர். 1958இல் சார்ல்ஸ் கீலிங் ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலையில் கரியமில வாயுவை நாள்தோறும் அளக்கத் தொடங்கிய பின்புதான் ஐயம் தீர்ந்தது. அப்போது காற்றின் பத்து லட்சம் பங்கில் சுமார் 315 பங்காக இருந்த அவ்வாயு இன்று 420 பங்கைக் கடந்துவிட்டது. இடையில் 1964இல் நிதிக்குறைப்பினால் சில மாதங்கள் அளவீடே நின்றுபோனது. சிறு தொகையை மிச்சம் பிடிக்கப் போய் விலைமதிப்பற்ற பேரேட்டில் சில பக்கங்களை வெற்றாக விட்ட அந்த நிகழ்ச்சி, செலவைக் குறைக்கும் பொறுப்பில் உள்ளோர் அனைவரும் அறிய வேண்டியது.

1958க்கு முந்தைய கணக்கு பனிக்கட்டியில் இருக்கிறது. அண்டார்க்டிகாவில் ஆழத் துளையிட்டு எடுத்த பனித்தண்டுகளில் பழங்காலக் காற்று சிறு குமிழ்களாக அடைபட்டுள்ளது. அக்குமிழ்களின் கணக்குப்படி, கடந்த 8 லட்சம் ஆண்டுகளில் தொழிற்புரட்சி வரை கரியமில வாயு ஒருபோதும் 300 பங்கை எட்டவில்லை என்றே கொள்ளலாம். தொழிற்புரட்சிக்கு முன் அது சுமார் 280. நிலக்கரி, எண்ணெய் யுகம் வந்தபின் ஏற்பட்ட உயர்வு இருநூறு, முந்நூறு ஆண்டுகளுக்குள் நிகழ்ந்தது.

சரி, வாயு கூடியது. அது எரிபொருளிலிருந்துதான் வந்தது என்று எப்படித் தெரியும்? எரிமலையிலிருந்தோ கடலிலிருந்தோ வந்திருக்கலாமே? ரூபாய்த் தாளை வெளிச்சத்தில் பிடித்து நீர்க்குறியைப் பார்ப்பது போன்ற ஒரு சோதனை இதற்கு உண்டு. உயிருள்ளவற்றில் கார்பன்-14 என்னும் ஐசோடோப்பு சிறிதளவு இருக்கும். 5,730 ஆண்டுகளுக்கு ஒருமுறை அது பாதியாகும். கோடி ஆண்டுகள் புதைந்திருந்த நிலக்கரியில் அது முற்றிலும் தீர்ந்துபோயிருக்கும். மேலும், தாவரங்கள் கார்பன்-13 என்ற வகையைக் குறைவாகவே ஏற்பதால் நிலக்கரியிலும் எண்ணெயிலும் அதன் விகிதம் குறைவு. இன்று காற்றில் கூடியிருக்கும் கரியமில வாயு இவ்விரு அடையாளங்களையும் தாங்கியுள்ளது. எரிப்பதற்குத் தேவைப்படும் ஆக்சிஜனும் அதற்கேற்பச் சிறிது சிறிதாகக் குறைந்து வருவது அளக்கப்பட்டிருக்கிறது. எரிமலைகள் ஆண்டுதோறும் வெளியிடுவதோ மனிதர் வெளியிடுவதில் நூறில் ஒரு பங்கிற்கும் குறைவு.

எஞ்சியிருக்கும் சந்தேக நபர் சூரியன். இங்கே கொடைக்கானலை நினைவுகூர்தல் தகும். 1899இல் அங்கு நிறுவப்பட்ட சூரிய ஆய்வகத்தில் நூறாண்டுக்கும் மேலாகச் சூரியன் படமெடுக்கப்பட்டு வருகிறது. கரும்புள்ளிகளின் ஏற்ற இறக்கம் அப்படங்களில் காணக் கிடைக்கிறது. 1978 முதல் செயற்கைக்கோள்களும் சூரிய ஆற்றலை நேரடியாக அளக்கின்றன. பதினோராண்டுச் சுழற்சியில் அது சற்றே ஏறி இறங்குகிறதே தவிர, பூமி வேகமாகச் சூடேறிய இக்காலத்தில் மேல்நோக்கிய போக்கு எதுவும் அதில் இல்லை. மற்றொரு தடயம் இன்னும் தெளிவானது. சூரியன் காரணமென்றால் வளிமண்டலம் மேலிருந்து கீழ்வரை முழுதும் சூடேற வேண்டும். நடந்திருப்பதோ, கீழடுக்கு சூடாகி மேலடுக்கு குளிர்ந்திருப்பது. கீழே போர்வை கனமாகிவிட்டதால் வெப்பம் மேலே செல்லவில்லை என்பதற்கு இதைவிட நேரான சான்று தேவையில்லை. பன்னாட்டுக் காலநிலை மாற்றக் குழு 2021இல் தந்த அறிக்கையில், 2010–2019 காலத்தில் காணப்பட்ட வெப்ப உயர்வு ஏறத்தாழ முழுவதும், அதாவது சுமார் 1.07 பாகை, மனிதச் செயல்களால் விளைந்தது என மதிப்பிட்டிருப்பது இத்தகைய தடயங்களின் கூட்டுத்தொகையைக் கொண்டுதான்.

இந்த ஆராய்ச்சியில் ஒரு தமிழருக்குச் சிறப்பிடம் உண்டு. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் பயின்ற வீ. ராமநாதன், தொடக்கத்தில் செகந்திராபாத்தில் குளிர்பதனப் பெட்டி தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். பெட்டியிலிருந்து குளிரூட்டும் வாயு கசிவதைத் தடுப்பது அவர் பணிகளுள் ஒன்று. பின்னர் அமெரிக்கா சென்று ஆய்வில் ஈடுபட்டபோது, அதே குளோரோஃபுளோரோ கார்பன் வாயுக்கள் ஒரு மூலக்கூறுக்குக் கரியமில வாயுவைவிடப் பத்தாயிரம் மடங்கு அளவில் வெப்பத்தைப் பிடிக்க வல்லவை என்று 1975இல் கண்டறிந்தார். பிற்காலத்தில் இந்தியப் பெருங்கடல் மீது நடந்த பன்னாட்டு ஆய்வுக்குத் தலைமை தாங்கி, தெற்காசியாவின் மேல் படரும் பழுப்பு நிறப் புகைமூட்டத்தை உலகின் கவனத்திற்குக் கொண்டுவந்தவரும் அவரே. டெல்லிவாசிகள் ஒவ்வொரு நவம்பரிலும் சுவாசிக்கும் அந்தப் புகை, வெயிலின் ஒரு பகுதியைத் தடுத்து நிலத்தைச் சற்றே குளிர்விக்கிறது. வேடிக்கையன்று, இதன் பொருள், நாம் காணும் வெப்ப உயர்வில் ஒரு பகுதி இன்னும் மறைந்தே இருக்கிறது என்பதாகும். நலம் கருதிப் புகையை அகற்றும்போது அது வெளிப்படும். புகை சில வாரங்களில் மழையோடு இறங்கிவிடும்; கரியமில வாயு அப்படி இறங்காது.

சாந்தி பத்தில் ஒரு பேரேடு

இறங்காது என்பதுதான் இந்தப் பொருளின் மையம். நாம் ஆண்டுதோறும் வெளியிடுவது வரவு. காற்றில் தங்கியிருப்பது இருப்பு. பூமியைச் சூடாக்குவது இருப்பே. வெளியிட்டதில் ஏறத்தாழப் பாதியைக் காடுகளும் கடல்களும் ஏற்றுக்கொள்கின்றன. எஞ்சிய பாதியில் ஒரு பகுதி ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேல் தங்கும். வெளியீட்டைக் குறைத்துவிட்டோம் என்று ஒரு நாடு கூறினால், வட்டி ஏறும் வேகம் குறைந்தது என்று மட்டுமே அதற்குப் பொருள். அசல் அப்படியே இருக்கிறது.

இருப்பு யாருடைய கணக்கு? சாணக்யபுரியின் நடுநாயகமான சாந்தி பத் சாலையில் மாலையில் நடந்தால் இவ்வினாவுக்கான விடை இருமருங்கிலும் கட்டடங்களாக நிற்கிறது. தொழிற்புரட்சி முதல் இன்றுவரை உலகம் எரிபொருளாலும் தொழில்களாலும் வெளியிட்ட கரியமில வாயுவில் அமெரிக்காவின் பங்கு சுமார் நான்கில் ஒன்று. சீனத்தின் பங்கு சுமார் 15 விழுக்காடு. அதன் பெரும்பகுதி கடந்த முப்பது ஆண்டுகளில் சேர்ந்தது. ரஷ்யா சுமார் 7, ஜெர்மனி 5க்குச் சற்று மேல், நிலக்கரி யுகத்தைத் தொடங்கிவைத்த பிரிட்டன் 4க்குச் சற்று மேல், ஜப்பான் ஏறத்தாழ 4. இவற்றின் தூதரகங்கள் அனைத்தும் அவ்வொரு சாலையிலேயே உள்ளன. உலக மக்கள்தொகையில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் கொண்ட இந்தியாவின் பங்கு 3 முதல் 4 விழுக்காடு. சற்றுத் தள்ளிச் சந்திரகுப்த மார்க்கில் பூடான் தூதரகம் இருக்கிறது. தான் வெளியிடுவதைவிட அதிகமான கரியமில வாயுவைத் தன் காடுகளில் உட்கொள்ளும் மிகச் சில நாடுகளுள் அது ஒன்று. சிறு கணக்குதான், ஆனால் அந்தப் பகுதியிலேயே கடன் இல்லாத கணக்கு.

ஆள்வீதம் பார்த்தாலும், ஓர் அமெரிக்கர் ஆண்டுக்குச் சுமார் 14 டன்னுக்குக் காரணமாகிறார். இந்தியர் ஏறத்தாழ 2 டன். ஆகவே பழைய கடனாளிகள் முதலில் செலுத்த வேண்டும் என்று நம் நாடு பன்னாட்டு மாநாடுகளில் வாதிடுவது கணக்கின்படி நேரானது. ஆயினும் ஒரு வங்கியாளர் என்ற முறையில் மறுபக்கத்தையும் எழுதியாக வேண்டும். நடப்பு ஆண்டு வரவைப் பார்த்தால், சீனத்துக்கும் அமெரிக்காவுக்கும் அடுத்து மூன்றாம் இடத்தில் நாம் நிற்கிறோம்: சுமார் 3,700 கோடி டன்னில் சுமார் 300 கோடி டன். நம் மின்சாரத்தில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு இன்னும் நிலக்கரியிலிருந்தே வருகிறது. 2024 ஜூன் 19 அன்று, அந்த 35.2 பாகை இரவு முடிந்த நாளில், டெல்லியின் மின்தேவை 8,656 மெகாவாட்டை எட்டியது. அதுவரை காணாத உச்சம். வெப்பத்தால் குளிர்சாதனம், குளிர்சாதனத்தால் நிலக்கரி, நிலக்கரியால் மேலும் வெப்பம் என்று கூட்டு வட்டிபோல் இது வளர்கிறது. யார் முதலில் கடன்பட்டார் என்று நிறுவிவிடுவதால் இந்த வட்டி நிற்பதில்லை.

வங்கிக்கு ஏன் இது

2022 மார்ச் மாதம், அதிகபட்ச வெப்பநிலையில் 1901க்குப் பின் இந்தியா கண்ட மிக வெப்பமான மார்ச்சாக இருந்தது. கோதுமை மணி பால் பிடிக்கும் பருவம் அது. பஞ்சாபிலும் ஹரியானாவிலும் மணிகள் சுருங்கின, விளைச்சல் குறைந்தது. மே 13 அன்று மத்திய அரசு கோதுமை ஏற்றுமதிக்குத் தடை விதித்தது. காலநிலை மாற்றத்தால் அத்தகைய வெப்ப அலைக்கான வாய்ப்பு சுமார் 30 மடங்கு கூடியிருந்தது எனப் பன்னாட்டு ஆய்வாளர் குழு ஒன்று கணக்கிட்டது. தனித்த ஒரு நிகழ்ச்சியைச் சான்றாகக் கொள்ளலாகாது என்று முன்னர்க் கூறினோம். ஆனால் அந்நிகழ்ச்சிக்கான வாய்ப்பு எவ்வளவு கூடியது என்று கணக்கிட முடியும். காப்பீட்டுத் துறையினர் நாள்தோறும் செய்யும் வேலையே அது.

மழையிலும் இதே கதைதான். காற்று ஒரு பாகை சூடேறினால் அது தாங்கும் நீராவி சுமார் 7 விழுக்காடு கூடுகிறது. பெய்யும் நாட்கள் குறைந்தாலும், பெய்யும்போது கொட்டித் தீர்க்கிறது. 2023 ஜூலை 13 அன்று டெல்லியில் யமுனை 208.66 மீட்டரைத் தொட்டு 1978இன் 207.49 மீட்டர் என்ற பழைய எல்லையைத் தாண்டியது. அதே ஆண்டு டிசம்பரில் தூத்துக்குடி மாவட்டத்தின் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. பயிர், கடை, படகு, வீடு என ஒவ்வொன்றின் பின்னும் ஏதோ ஒரு வங்கியின் கடன் கணக்கு இருந்தது என்பதை வாசகர்க்குச் சொல்ல வேண்டியதில்லை. இந்த ஆண்டு வழங்கப்படும் இருபதாண்டு வீட்டுக் கடனின் கடைசித் தவணை 2040களின் நடுவில் வரும். ஈடாகப் பெற்ற வீடு அன்று எந்நிலையில் இருக்கும் என்பதைப் பழைய வெள்ளக் குறியை மட்டும் பார்த்து மதிப்பிடுவது இனி போதாது. இந்திய ரிசர்வ் வங்கி 2022 ஜூலையில் காலநிலை இடர் குறித்த விவாத அறிக்கையை வெளியிட்டதும், 2023 ஏப்ரலில் பசுமை வைப்பு நிதிகளுக்கான விதிமுறைகளை வகுத்ததும் இந்தப் பின்னணியில்தான்.

கடன் வாங்குவோரும் இதை எண்ணிப் பார்க்கலாம். தேங்கிய நீருள்ள நெல்வயல் மீத்தேனை வெளியிடுகிறது. காவிரிப் படுகை உழவர் அறிந்த 'நீர் மறைய நீர் கட்டுதல்' முறையில் அது கணிசமாகக் குறைகிறது, நீரும் மிச்சமாகிறது. நகரத்தாருக்குக் கூரைமேல் சூரிய மின்தகடு உண்டு. 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் 2 கிலோவாட் வரை கிலோவாட்டுக்கு 30,000 ரூபாயும், 3 கிலோவாட் அல்லது அதற்கு மேற்பட்ட அமைப்புக்கு மொத்தம் 78,000 ரூபாயும் மத்திய அரசு மானியமாகத் தருகிறது. 3 கிலோவாட் அமைப்பு மாதம் சுமார் 300 யூனிட் தரும். நம் மின்தொகுப்பில் ஒரு யூனிட்டுக்குச் சுமார் 700 கிராம் கரியமில வாயு வெளியாகிறது என்று கொண்டால், ஆண்டுக்கு ஏறத்தாழ 2.5 டன் மிச்சம். முன்பு சொன்ன ஆள்வீதக் கணக்கில் ஓர் இந்தியரின் ஓராண்டுப் பங்கைவிடச் சற்று அதிகம். அடுக்குமாடியில் பொதுக் கூரை உடையோர் குடியிருப்போர் சங்கத்தின் ஒப்புதலை முதலில் பெற வேண்டும். தேசிய இணையத்தளத்தில் பதிவு செய்தபின், அண்மைய மின்கட்டண ரசீது, கூரை உரிமைக்கான சான்று, வங்கிக் கணக்கு விவரம் ஆகியவற்றுடன் கிளையை அணுகினால் கடன் பிரிவினர் மாதத் தவணையையும் மாதாந்திர மின்கட்டண மிச்சத்தையும் அருகருகே வைத்துக் கணக்கிட்டுத் தருவார்கள்.